ஆப்பிள் பறிக்க பிரிக்ஸ் மீட்டர் மட்டும் போதுமா?

வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம் வைத்திருப்பவர்கள் கை ரிஃப்ராக்டோமீட்டரை, அதாவது ஒரு சொட்டுச் சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று காட்டும் பிரிக்ஸ் மீட்டரை, வாங்குவது ஒரே கேள்விக்குத்தான்: இன்றைக்கே பறிக்கலாமா, இன்னும் ஒரு வாரம் விடலாமா? அதற்கு இந்தக் கருவி பாதிப் பதில்தான் சொல்லும்.

முதலில் கருவி. பழத்துக்கு 0 முதல் 32 பிரிக்ஸ் (சாற்றில் சர்க்கரை சுமார் எத்தனை சதவீதம் என்பதற்கான அளவு) வரை அளவுகோல் உள்ளதே சரி. தேனுக்கான மாடல்கள் அதைவிட உயர்ந்த அளவில்தான் தொடங்கும், ஆப்பிளுக்கு உதவாது. தானியங்கி வெப்பச் சரிக்கட்டல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது பொதுவாக 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டு, கோடு 0-வில் நிற்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் கூட வரும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகிக்கொள்ளலாம். மூடிக்கடியில் காற்றுக்குமிழி இருந்தாலோ சாறு கலங்கலாக இருந்தாலோ கோடு மங்கும். மெல்லிய துணியில் வடிகட்டினால் தெளியும். கருவியைக் குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள். உள்ளே நீர் புகுந்தால் அளவுகோலே தெரியாமல் போகும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சாறு எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே பழத்தில் வெயில் பட்ட கன்னம் நிழல் பக்கத்தைவிட இனிப்பு. காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு. எனவே மேலிருந்து கீழ்வரை ஒரு கீற்று வெட்டி, பூண்டு நசுக்கியில் பிழியுங்கள். மரத்தின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து ஐந்து பழமாவது பாருங்கள்.

இனி அதன் பலவீனம். காயில் இருக்கும் மாவுச்சத்து சாற்றில் கரைவதில்லை, ஆகவே மீட்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்று 11 காட்டும் பழம், பறித்து வைத்தபின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இன்னும் ஏறலாம். காய் குறைவாகப் பிடித்த மரத்தில் முற்றாத பழமும் 13 காட்டும். கிளை முறியக் காய்த்த மரத்தில் முற்றிய பழமும் தாழ்ந்தே நிற்கும். இனிப்பு வேறு, முதிர்ச்சி வேறு.

அந்த மீதிப் பதில் அயோடின் கரைசலில் இருக்கிறது. 10 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் 2.5 கிராம் அயோடின் படிகத்தைப் போட்டுக் கரையவிட்டு, மொத்தம் 1 லிட்டராக்கினால் ஆயிற்று. அயோடின் வெறும் நீரில் சரியாகக் கரையாது, அதனால்தான் இந்த வரிசை. கையுறை அவசியம், கறை லேசில் போகாது. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டு முகத்தை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும், சர்க்கரையான இடம் வெளுப்பாகவே இருக்கும். வெளுப்பு விதையறையில் தொடங்கித் தோலை நோக்கிப் பரவும்.

நனைத்த பழத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட அட்டவணையில் 1 என்றால் முழுக் கருப்பு, 8 என்றால் கருப்பே இல்லை. மாதக்கணக்கில் வைக்க 3, 4-இல் பறியுங்கள். உடனே தின்ன 6 வரை விடலாம். ரகத்துக்கு ரகம் சற்று மாறும், ஆனால் வாரம் ஒருமுறை பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். நனைத்த துண்டைத் தின்னக்கூடாது, கால்நடைக்கும் போடக்கூடாது.

பழத்தின் இறுக்கம் பார்க்கும் அழுத்தமானி வீட்டுக்குத் தேவையில்லை. சிவப்பை நம்பாதீர்கள், இப்போதைய பல ரகங்கள் முற்றுவதற்கு வெகு முன்பே சிவந்துவிடும். சிவப்புக்கு அடியில் உள்ள பச்சை மஞ்சளாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கி லேசாகத் திருகும்போது காம்போடு கழன்று வந்தால் நேரம் வந்துவிட்டது.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அயோடின் கரைசலே. சாறு பிழிபவர்களுக்கு மட்டும் மீட்டர் முழுப் பயன் தரும். கரைசலைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் இருட்டில் வையுங்கள். அடுத்த பருவத்தில் பயன்படுத்துமுன் ஒரு உருளைக்கிழங்குத் துண்டில் சொட்டிப் பாருங்கள். சட்டென்று கருக்கவில்லையென்றால் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.