திருகோணமலையில் படம் பார்த்துக் கதைப்பது: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பெரிய நிறுவனங்களின் கையில்லாமல் எடுத்த சுயாதீனப் படங்களையும், பெரிதாக ஓடாவிட்டாலும் தீவிர ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட கல்ட் படங்களையும் சேர்ந்திருந்து பார்த்து, பார்த்த கையோடு கதைக்கிற பழக்கம் எங்களுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. பெரும்பாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவோம். இடம் உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையாக இருக்கும், இல்லாவிட்டால் யாராவது இரவல் தரும் சின்ன மண்டபம். வருகிறவர்களில் ஆசிரியர்கள், மீன்பிடிக்கிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுக் கமெராவோடு திரியும் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. வேறு ஊர்களில் இப்படித் தொடங்க நினைக்கிற ஆட்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இது நீடிக்குமா? நீடிக்கிறது. படம் எடுக்கிறவர்களும் படம் பார்க்க மட்டும் வருகிறவர்களும் ஒரே அறையில் இருக்கும்வரைக்கும் நீடிக்கிறது. ஒரு தரப்பு வராமல் போன மாதங்களில் கதை அரை மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஏன் என்று 'கூழாங்கல்' போட்ட அன்று நன்றாக விளங்கியது. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் அது, 2021 இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அப்பனும் மகனும் கொதிக்கிற வெயிலில் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். படம் முடிந்ததும் படம் எடுக்கிற பிள்ளைகள் நடக்கிற காட்சிகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். கமெரா எந்த உயரத்தில் இருந்தது, எப்படிக் குலுங்காமல் பின்னால் போனது என்றெல்லாம். மூதூரிலிருந்து வந்த ஒரு ரீச்சர் கடைசி வரிசையில் பேசாமல் இருந்தா. "ரீச்சர், நீங்கள் என்ன பார்த்தீங்கள்?" என்று கேட்டோம். "தம்பி, நான் அந்தக் குழிக்குள்ள தண்ணி அள்ளுறதையே பார்த்துக்கொண்டிருந்தன். குடம் நிரம்புமட்டும் காத்திருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றா. உடனே அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினோம். குடம் நிரம்புவது மெதுவாக இருப்பதால்தான் காட்சியும் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் கண்டார்கள். அவர்களுக்குக் கமெரா தெரியும், ரீச்சருக்குத் தண்ணீர் தெரியும். வீட்டில் தனியாகத் தொலைபேசியில் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் பாதிப் படம்தான் கிடைத்திருக்கும்.

அதிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. படம் முடிந்தவுடன் "பிடிச்சதா, இல்லையா" என்று யாரும் தொடங்குவதில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் கண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு முகமோ, கதவோ, ஒரு சத்தமோ, எதுவும் சரி. அபிப்பிராயம் அதற்குப் பிறகுதான். "சினிமா பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லி ஒதுங்குகிறவர்களும் இப்படிக் கேட்டால் வாய் திறக்கிறார்கள். அதிகம் வாசித்த ஆட்களும் நேரே கோட்பாட்டுக்குள் போகாமல் திரையில் இருந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறார்கள்.

கல்ட் படங்களுக்கு இங்கே கூட்டம் கூடுதல். 'ஆரண்ய காண்டம்' போட்டால் இடம் போதாது. 2011 இல் திரையரங்கில் பெரிதாக ஓடாத அந்தப் படத்தின் வசனங்களை, அப்போது பள்ளிக்கூடச் சிறுவர்களாக இருந்த பெடியள் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 1975 இல் வெளிவந்தபோது தோற்றுப்போன 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'வை அடுத்த வருடம் நியூயோர்க்கில் நள்ளிரவுக் காட்சிக்கு வந்த ஆட்கள் திரையோடு சேர்ந்து கத்திக் கத்தியே தூக்கி நிறுத்தினார்கள். படத்தைத் தயாரித்தவர்கள் கைவிட்ட இடத்திலிருந்து பார்த்தவர்கள் எடுத்துச் செல்வது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகவே படுகிறது. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது 1978 இல். அவர் அதன் பிறகு எடுத்து முடித்தது 'கிராமத்து அத்தியாயம்' ஒன்றுதான். ஆனாலும் இந்த ஊரில் இருபது வயதுப் பிள்ளை ஒன்று அந்தப் படத்தின் நாயகி மஞ்சுவுக்காக இன்றைக்கும் எழும்பி நின்று வாதாடுகிறது. அந்தப் படத்தைப் போட்ட இரவு பெண்கள்தான் கூடுதலாகக் கதைத்தார்கள். மஞ்சுவோடு பழகுகிற அருண் நல்லவனா, நல்லவனாக இருக்கிற சுகத்தை விரும்புகிறவனா என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் வந்தது. எங்கள் கூடல்களில் எனக்கு மிகவும் பிடித்த இரவுகளில் அதுவும் ஒன்று.

திருகோணமலைக்கு என்றே ஒரு கல்ட் படம் உண்டு என்பதை இங்கே உள்ள பலரே மறந்துவிட்டார்கள். 1962 இல் வந்த 'ரன்முத்து தூவ'. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. இயக்கியவர் மைக் வில்சன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து 1956 இல் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர். அந்தச் சுழியோடிதான் கமெராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் காமினி பொன்சேகாவையும் ஜோ அபேவிக்ரமவையும் வைத்துப் புதையல் கதை எடுத்தார். பிறகு சினிமாவை விட்டுச் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார். அவருடைய வாழ்க்கையையே ஒரு படமாக எடுக்கலாம். இந்தப் படத்தைப் பற்றிக் கதைத்த நாளில் டச்பே பக்கமிருந்து படகும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி ஐயாவைக் கூப்பிட்டிருந்தோம். நடிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இங்கே கடல் எப்படித் தெளிகிறது, வடகிழக்கு வாடை தொடங்கினால் எப்படிக் கலங்குகிறது, தண்ணீருக்கடியில் வெளிச்சம் எத்தனை மணிக்கு நல்லாக இருக்கும் என்று சொன்னார். கடலுக்குள் படம் பிடிக்க ஆசைப்பட்ட இரண்டு பிள்ளைகள் அவ்வளவையும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் படப்பிடிப்பு நாளையே அந்த ஐயாவைக் கேட்டுத்தான் வைத்தார்கள்.

இனி, படம் எடுக்கிறவர்களைப் பற்றி. முடிந்த படத்தைக் கொண்டுவந்து காட்டிக் கைதட்டு வாங்குவதை நாங்கள் குறைத்துக்கொண்டோம். முடியாத படத்தைத்தான் கேட்கிறோம், ரஃப் கட்டாக, அதாவது முதல் வெட்டித் தொகுத்த பிரதியாக இருந்தாலும் சரி. ஒரேயொரு நிபந்தனை, எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி குறும்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்குப் போன மகனின் அறையை உம்மா தினமும் கூட்டுகிறா, அதுதான் கதை. தொடக்கத்தில் மகன் விமான நிலையத்துக்குப் போகும் காட்சி, பின்னால் வயலின். முதலில் கதைத்த ஆறேழு பேரும் விளக்குமாற்றின் சத்தத்தையே சொன்னார்கள். விமான நிலையத்தை ஒருவரும் சொல்லவில்லை. தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வந்த பிரதியில் விமான நிலையமும் இல்லை, வயலினும் இல்லை. படம் விளக்குமாற்றோடு தொடங்கியது. "இதை வெட்டு" என்று எங்களில் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

காசு பற்றிய கதை தவிர்க்க முடியாதது. அதற்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்கினோம். மலையாள இயக்குநர் ஜோன் ஆபிரகாமும் நண்பர்களும் கேரளத்தில் ஒடெசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் சிறு சிறு தொகையாகச் சேர்த்து 1986 இல் 'அம்ம அறியான்' எடுத்ததை வைத்துத் தொடங்கினோம். அந்த வழி இங்கே சரிவருமா என்று நீண்ட நேரம் வாதாடினார்கள். காசு தருகிறவர்கள் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்குவார்கள் என்ற பயம் சிலருக்கு. என் எண்ணம் வேறு. சின்ன ஊரில் நூறு பேர் காசு போட்டால் நூறு பேர் படம் பார்க்க வருவார்கள், சுயாதீனப் படத்துக்கு அதைவிடப் பெரிய பலம் கிடையாது.

கூடுதல் கவனம் கேட்பது மொழி. இது மூன்று சமூகங்களும் வாழும் ஊர். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர' 1997 இல் எடுக்கப்பட்டது. போருக்குப் போன மகனின் உடல் என்று மூடிய பெட்டி வருகிறது, கண் தெரியாத தகப்பன் அவன் இறந்ததை ஏற்க மறுக்கிறார். அப்போதைய அரசு திரையிட விடாமல் தடுத்து, 2001 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் படம் வெளியே வந்தது. கந்தளாயிலிருந்து வந்த சிங்கள நண்பர்களும் எங்களோடு இருந்து பார்த்தார்கள். காணாமல்போன பிள்ளைக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு தமிழ் அம்மாவும் அந்த அறையில் இருந்தா. அவ சொன்னது, "அந்த மனுசன் பெட்டியைத் தொட்டுப் பாக்கிற மாதிரி எனக்குத் தொடவும் ஒண்டும் தரேல்ல." அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டிய நண்பர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்த்துக் கதைக்கும்போது நேரம் இரட்டிப்பாகிறது, உண்மைதான். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் காத்திருந்து கேட்க வேண்டியிருப்பதால் யாரும் இடையில் பாய்வதில்லை. தமிழில் மட்டும் கதைக்கும் நாட்களைவிட அந்த நாட்களின் உரையாடல் ஆழமாகப் போகிறது.

அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' போட்டபோது வேறு மாதிரி. 2012 இல் வந்த தமிழ்ப் படம், முன்னாள் போராளி ஒருவன் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வரும் கதை. எங்கள் கதையைச் சிங்கள இயக்குநர் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். இன்னொரு சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ எழுபதுகளில் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்து 'பொன்மணி' எடுத்ததை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். வாதம் தீரவில்லை. தீர்க்க வேண்டும் என்று நாங்கள் முயலவும் இல்லை. கேட்டவர் அடுத்த மாதமும் வந்தார், எனக்கு அது போதும்.

சாமான்கள் பற்றி அதிகம் கேட்கிறார்கள், ஆகவே சொல்கிறேன். 3000 லூமன் புரொஜெக்டர் இருட்டறைக்குத் தாராளம், பின்னேர வெளிச்சத்துக்குப் போதாது. சுவருக்குப் பளபளக்காத வெள்ளைப் பூச்சு, துணியைவிட நல்லது. துணி இங்கத்தைக் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நல்ல ஸ்பீக்கர் சோடிக்குக் காசு போடுங்கள், படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் எழும்பிப் போவார்கள். உப்புக்காற்றில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உபதலைப்புக் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியாமல் போகலாம். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் உபதலைப்பு முந்திப் பிந்தினால் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். ஆனால் போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் பிரச்சினை ஃபிரேம் வீதத்தில் (செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் என்பதில்), அதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். படத்தை முறையாக, எடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் எழுதிக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் சந்தோசமாகவே கடவுச்சொல்லோடு இணைப்பு அனுப்பினார்கள். எங்கே, யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து, கதைத்ததை எழுதி அனுப்பச் சொன்னவர்களும் உண்டு.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது புரொஜெக்டர் சும்மா கிடந்தது. மடிக்கணினியின் பற்றரி தாங்கும்வரை குறும்படங்களை மட்டும் பார்த்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் கதைத்தோம். குறும்படத்தை ஒரே இரவில் இரண்டு தடவை பார்க்கும் வழக்கம் அப்போது வந்தது, மின்சாரம் திரும்பிய பிறகும் அதை விடவில்லை. இரண்டாம் தடவையில்தான் ஒரு ஷொட்டிலிருந்து அடுத்த ஷொட்டுக்கு மாறும் வெட்டுகள் கண்ணில் படுகின்றன.

சிரமங்களும் உண்டு. இரவல் மண்டபம் ஒன்றைக் கடைசி நேரத்தில் தரமுடியாது என்று சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. வந்தவர்களை ஒரு வீட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போனோம். இன்னும் தீராதது நேரம். இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் கடைசி பஸ்ஸுக்காகப் பெண்களும் மூதூர், கிண்ணியா ஆட்களும் கதை சூடுபிடிக்கும்போது எழும்ப வேண்டியிருந்தது. இப்போது பின்னேரம் மூன்றரைக்கு, யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத் தொடங்குகிறோம். வெக்கை தாங்க முடியாது, மின்விசிறிச் சத்தம் வசனத்தை அமுக்குகிறது. ஆனாலும் பெண்கள் கடைசிவரை இருந்து கதைக்கிறார்கள் என்பதற்காக நான் இந்த நேரத்தை மாற்ற விடமாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய பெயர்களோடு தொடங்க வேண்டாம் என்பேன். உங்கள் ஊர்ப் பிள்ளை எடுத்த பத்து நிமிடப் படத்தை முதலில் இரண்டு தடவை போடுங்கள். அதன் பிறகு பாலு மகேந்திராவின் 'வீடு'. மட்டக்களப்பில் பிறந்த மனிதர் 1988 இல் கொடுத்த படம், வீடு கட்டிப் பார்த்த எவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். ஆளுக்கொரு பிளேன்டீ, கொஞ்சம் கடலை, கதைக்கக் குறைந்தது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் வேறு எதற்காகவும் குறைத்துவிடாதீர்கள்.