டயருக்கு நைட்ரஜனா, சாதாரணக் காற்றா?

நீண்ட பயணத்துக்கு முன் பலரும் குழம்புவது இதில்தான். சாதாரணக் காற்றிலேயே சுமார் 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

செலவு: காற்றுக்குச் சொற்பம், பல இடங்களில் இலவசம். நைட்ரஜனுக்குக் கூடுதல் காசு.

தாக்குப்பிடிப்பது: நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும். ஆனால் ஆணி குத்தினாலோ வால்வு தளர்ந்தாலோ இரண்டும் ஒரே மாதிரிதான் இறங்கும், அதனால் நைட்ரஜன் போட்டாச்சே என்று மாதக்கணக்கில் பார்க்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. காற்று குறைந்த டயர் ஓரங்களில் தேயும், சூடேறும், எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும்.

வசதி: காற்று எங்கும் கிடைக்கும். நைட்ரஜன் டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றை நிரப்பினாலும் ஒன்றும் ஆகாது.

மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன், கார் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவைப் பார்த்துச் சரிபார்ப்பவருக்குச் சாதாரணக் காற்றே தாராளம். வண்டியை அதிகம் எடுக்காதவர் வேண்டுமானால் நைட்ரஜன் போடலாம்.