ரியலைஸா, நோட்டீஸா, ஃபைண்ட் அவுட்டா?

பஸ் ஏறிய பிறகுதான் பர்ஸ் வீட்டிலேயே இருப்பது தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. ரிசல்ட் வந்துவிட்டது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. நமக்கு ஒரே ‘தெரிந்தது’ போதும். ஆங்கிலத்துக்கு மூன்று வேண்டும்.

விஷயம் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். கண், காது, மூக்கு வழியாக வந்தால் நோட்டீஸ். யாராவது சொல்லியோ, படித்தோ, விசாரித்தோ வந்தால் ஃபைண்ட் அவுட். கையில் இருக்கிற தகவலை வைத்தே மண்டைக்குள் பொறி தட்டினால் ரியலைஸ். ஒருவர் நொண்டி நடப்பதைப் பார்த்தது நோட்டீஸ். அப்படியானால் அடிபட்டிருக்கிறது என்று உறைத்தது ரியலைஸ். எலும்பு முறிவு என்று டாக்டர் சொல்லித் தெரிந்தது ஃபைண்ட் அவுட். (நம் ஊரில் நோட்டீஸ் என்றால் கையில் திணிக்கிற துண்டுக் காகிதம். அதை மறந்துவிட்டுப் படியுங்கள்.)

அதிகம் வழுக்குவது ரியலைஸில்தான். ‘ஐ நோட்டீஸ்டு ஹிம் லிம்பிங்’ சரி. ‘ஐ ரியலைஸ்டு ஹிம் லிம்பிங்’ வராது. அதற்குப் பின்னால் ‘தட்’ போட்டோ போடாமலோ முழு வாக்கியம், அல்லது ‘ஹெர் மிஸ்டேக்’ மாதிரி ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும். ‘எனக்கு உணர்த்தினார்’ என்பதற்கு ‘ஹி ரியலைஸ்டு மீ’ என்கிறார்கள். தவறு. ‘ஹி மேட் மீ ரியலைஸ்’.

இன்னொன்று, ரியலைஸ் உண்மைக்கு மட்டுமே. ‘அவன்தான் திருடன் என்று தெரிந்தது, பிறகு பார்த்தால் இல்லை’ என்ற இடத்தில் அது நிற்காது, அங்கே ‘ஐ தாட்’, அதாவது நினைத்தேன். உணர்தல் என்று அகராதி சொல்வதை நம்பி ‘ஃபெல்ட்’ போட்டாலும் சறுக்கும்: ‘ஐ ஃபெல்ட்’ என்றால் எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

‘நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரியல’ என்பதை ‘ஐ டிடின்ட் ரியலைஸ் யூ வேர் ஹியர்’ என்பார்கள். ஆள் இன்னும் எதிரில்தான் நிற்கிறார். ஆனாலும் வழக்கமாக ‘வேர்’தான், ‘ஆர்’ இல்லை. ‘டிடின்ட் நோ’ போட்டாலும் பிழையில்லை. கவனிக்காமல் விட்டேனே என்ற சங்கடம் ரியலைஸில்தான் தொனிக்கும். மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு அதுவே பொருத்தம்.

‘தெரிய வந்தது’ என்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் ‘கேம் டு நோ’ நன்றாகவே புழங்குகிறது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அந்த இடத்தில் ‘ஃபவுண்ட் அவுட்’தான் இயல்பு.

ரியலைஸின் ஸ்பெல்லிங்குக்கு வந்தால், அமெரிக்காவில் இசட் மட்டும். பிரிட்டனில் எஸ் பரவலாக இருந்தாலும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முதலில் தருவது இசட். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ரசீதுகளின் அடியில் ‘சப்ஜெக்ட் டு ரியலைசேஷன் ஆஃப் செக்’ என்று அச்சிட்டிருப்பார்களே, அங்கே யாரும் எதையும் உணரவில்லை. நிஜமாக்குதல் என்ற பழைய பொருள் அது: செக் பணமாகிக் கணக்கில் ஏறினால்தான் ரசீது செல்லும்.