சேலத்தில் எங்கே ரூம் போடுவது: கடைவீதியா, அஞ்சு ரோடா, ஏற்காடா?

சேலம் குகைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை விற்ற பிறகு, சொந்த ஊருக்கே ரூம் போட்டுத் தங்க வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, ஆடிப் பண்டிகை என்று வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது வந்துவிடுவேன். பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைவீதி, புது பஸ் ஸ்டாண்டு அஞ்சு ரோடு பக்கம், மேலே ஏற்காடு என மூன்று இடத்திலும் தங்கிப் பார்த்தாயிற்று. யார் கேட்டாலும் கடைவீதியைத்தான் முதலில் சொல்வேன். அதில் இருக்கிற கஷ்டத்தையும் சேர்த்தே சொல்வேன்.

அஞ்சு ரோட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அகலமான ரோடு, லிஃப்ட் உள்ள ஹோட்டல், கார் நிறுத்த இடம், எந்நேரமும் கோவைக்கும் பெங்களூருக்கும் பஸ். ஜங்ஷனும் அங்கிருந்து கிட்டம். ராத்திரி வந்து படுத்து, காலையில் வேலையை முடித்துக் கிளம்புகிறவர்கள் யோசிக்காமல் அங்கே தங்கலாம். கோயிலுக்கோ கடைக்கோ போக நினைத்தால்தான் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம், ஆனால் மறுபடி போவோமா என்று யோசித்தே பாதி இடங்களை விட்டுவிடுவோம்.

கடைவீதியில் அந்த யோசனையே வராது. விடியும் முன்னாலேயே வ.உ.சி. பூ மார்க்கெட் விழித்துவிடும். குண்டுமல்லி, சன்னமல்லி, சம்பங்கி, பனமரத்துப்பட்டி அரளி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். போன தை மாசம் ஒரு முகூர்த்த நாளில் ஐந்து மணிக்கு எழுந்து போனேன். ஈரச் சாக்கைப் பிரித்து அரளியைக் கொட்டிய அம்மா, கையை உள்ளே விட்டு அடியில் இருந்த பூவை அள்ளி என் கண்ணெதிரே விரித்துக் காட்டினார். "மேல மட்டும் பாத்து வாங்காத கண்ணு" என்றார். பூவை ரூமில் வைத்துவிட்டுக் குளித்து, நடந்தே சுகவனேஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்தேன். கோட்டை மாரியம்மனும் அழகிரிநாதர் பெருமாளும்கூட நடக்கிற தூரம்தான்.

மாம்பழ சீசன் என்றால், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, மல்கோவாவும் இமாம் பசந்தும் வாசனையாலேயே ஆளை நிறுத்திவிடும். நல்ல கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் "எப்ப சாப்பிடப் போறீங்க?" என்றுதான் கேட்பார். இன்றைக்கு என்றால் ஒரு பழம், நாளன்றைக்கு என்றால் வேறு பழம். காம்புப் பக்கம் கட்டைவிரலை லேசாக வைத்துப் பார்த்தே எடுத்துத் தருவார்.

இருட்டியதும் செட் கடைகள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம்; அதற்குள் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும். கட்டி முடித்த கையோடு வாயில் போட்டுவிட வேண்டும், வடை நமுத்துப் போனால் ருசி போய்விடும். பார்சல் வாங்கி அஞ்சு ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வேறு பண்டம்.

இனி கஷ்டங்கள். சேலம் 1866-லேயே நகராட்சி ஆன ஊர். கடைவீதியும் அக்ரஹாரத் தெருக்களும் கார் வருவதற்கு முன்னால் உருவானவை. நடக்கிறவருக்கு அது வசதி, வண்டி வைத்திருப்பவருக்கு அதுவே தலைவலி. லாட்ஜுகளும் பெரும்பாலும் பழசு. ஒரு தடவை போனில் முதல் மாடி என்று சொன்ன லாட்ஜில், போனதும் மூன்றாம் மாடிச் சாவியைத் தந்தார்கள். லிஃப்ட் இல்லை. முட்டி வலியோடு அம்மா கம்பியைப் பிடித்துப் படிப்படியாக ஏறியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ரூமைப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. தெருவைப் பார்த்த ரூமும் வேண்டாம், பின்பக்கம் கேளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கே சரக்கு வண்டிகளின் சத்தம் தொடங்கிவிடும். தூக்கம் கலைந்தால் தாங்காதவர்களும் வயசான பெற்றோரோடு வருகிறவர்களும் அஞ்சு ரோட்டுக்கே போய்விடலாம், அதில் தப்பே இல்லை.

கொலுசு வாங்க வருகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டையிலேயே தங்கலாமா என்று கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பேர் வந்த பேட்டை அது. லீ பஜார் மண்டிகளும் வெள்ளிப் பட்டறைகளும் நிறைந்த வியாபார இடம். பகலில் போய்ப் பார்க்க அருமை. எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்) என்று கேட்டு, எடை பார்த்து, செய்கூலி பேசி வாங்கிக்கொண்டு கடைவீதிக்குத் திரும்பிவிடலாம். ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ஆடியில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கும்போது பஸ்ஸைத் திருப்பி விடுவார்கள். சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் அந்த ராத்திரிகளில், நடந்தே ரூமுக்குத் திரும்ப முடிகிறவர் பாக்கியவான். ஆனால் அதற்கு ரூமை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஏற்காடு எனக்கும் உயிர்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு, காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும். விடிகாலையில் ஏரிமேல் கிடக்கும் பனியைப் பார்க்க மேலேயே ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டும். ஆனால் மேலே தங்கிக்கொண்டு சேலத்தைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ஒரு தடவைக்குச் சுமார் 30 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. பூ மார்க்கெட்டையும் செட் கடையையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் இருட்டில் இறங்கி இருட்டில் ஏற வேண்டியிருக்கும். மே மாசக் கோடை விழாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வளைவுக்கு வளைவு வண்டி நிற்கும். மூன்று ராத்திரி இருந்தால் முதல் இரண்டும் கடைவீதி, கடைசி ஒன்று மேலே. வார நாளாகப் பார்த்து ஏறுங்கள்.

சென்னையிலிருந்து விருத்தாசலம், ஆத்தூர் வழியாக வரும் எழும்பூர் ரயிலில் வந்தால் ஜங்ஷன் வரை போக வேண்டாம். சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். கைப்பை மட்டும் இருந்தால் நடந்தே வந்துவிடலாம், பூ மார்க்கெட்டும் இன்னும் கலைந்திருக்காது.