அகஸ்டாவில் யாருக்கு வாய்ப்பு? ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் கணக்கோடு நீண்டகாலப் பழக்கம்

அகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி நெருங்கிவிட்டால் கோல்ஃப் ரசிகர்களிடையே பேச்சு ஒன்றுதான்: வென்றவர் அணியும் பச்சைக் கோட்டு இந்த முறை யாருக்கு? போன வாரம் யார் ஜெயித்தார் என்று பார்த்துச் சொல்வதைவிட, ஒவ்வொரு ஷாட்டிலும் சராசரியைவிட எத்தனை அடி மிச்சம் என்று காட்டும் ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் எண்களை வைத்துச் சொன்னால் கணிப்பு அதிகம் பொருந்துகிறது. பல சீசன்கள் பயன்படுத்தியதில் அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது தெளிவாகியிருக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வகுத்த முறை இது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் முதலில் பட்டிங்குக்கு, அதாவது குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்கு, எடுத்துக்கொண்டது. எட்டடி தூரத்திலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரியாக 1.5 பட் ஆகும். ஒன்றில் முடித்தால் 0.5 லாபம், இரண்டானால் 0.5 நஷ்டம். டீ ஷாட் (ஹோலின் முதல் அடி), அப்ரோச் (கிரீனை நோக்கி அடிப்பது), கிரீனைச் சுற்றிய ஆட்டம் ஆகியவற்றுக்கும் இப்படியே தனித்தனிக் கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது அப்ரோச் எண். அதுவும் ஓரிரு வாரத்தினுடையது போதாது, குறைந்தது ஐம்பது சுற்றுகளின் சராசரி வேண்டும். அகஸ்டா கிரீன்கள் வேகமானவை, சரிவு மிகுந்தவை; கொடிக்குத் தவறான பக்கத்தில் பந்து நின்றால் எவ்வளவு நல்ல பட்டரும் திணறுவார். பட்டிங் எண்ணோ வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். 2023 முதல் சுற்றில் ஜான் ரஹ்ம் முதல் ஹோலிலேயே நான்கு பட் அடித்தார். இருந்தும் அன்று முடித்தது 65 அடியில், அருமையான ஸ்கோர். பட்டமும் அவருக்கே.

எண்கள் சொல்லாதது மைதான அனுபவம். அறிமுக ஆண்டிலேயே வென்றவர் 1979-இல் ஃபஸ்ஸி ஸோலர். அதன்பின் 2025 வரை எவருமில்லை. ஆனால் 2021-இல் வில் ஸலடோரிஸ், 2024-இல் லுட்விக் ஓபெர் இருவரும் அறிமுகத்திலேயே இரண்டாமிடம் பிடித்தார்கள். ஆகவே எண்கள் பலமாக இருக்கும் புதியவரை முதல் ஐந்துக்குள் தாராளமாக வைக்கலாம். பட்டத்துக்கு வேண்டாம்.

இடக்கை ஆட்டக்காரர்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும். 2003 முதல் 2014 வரை மைக் வியர், ஃபில் மிக்கெல்சன், பப்பா வாட்சன் மூவரும் சேர்ந்து ஆறு முறை வென்றார்கள். 155 கெஜப் பன்னிரண்டாம் ஹோலில் கிரீன் இடது முன்பக்கத்திலிருந்து வலது பின்பக்கமாகச் சாய்வாகக் கிடக்கிறது. வலக்கைக்காரர் வலப்பக்கம் தவறவிடும் ஷாட் பெரும்பாலும் தூரமும் குறைந்து ரேஸ் க்ரீக் ஓடையில் விழும். இடக்கைக்காரரின் தவறுகள் அந்தச் சாய்வோடு ஒத்துப்போகின்றன: வலப்பக்கம் இழுபட்டால் நீளம் கூடும், இடப்பக்கம் போனால் குறையும்.

இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை, பிஜிஏ டூருக்குப் போட்டியான லிவ் தொடரின் ஆட்டக்காரர்கள். பிஜிஏ டூரின் பட்டியலில் அவர்களுடைய லிவ் சுற்றுகள் சேராது. அதை மட்டும் நம்பியவர்கள் 2023-இல் இரண்டாமிடத்தைப் பகிர்ந்த ப்ரூக்ஸ் கெப்காவையும் மிக்கெல்சனையும் தவறவிட்டிருப்பார்கள். இவர்களுக்கு முந்தைய மேஜர்களின் (மாஸ்டர்ஸ் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகள்) சுற்றுகளையே அளவுகோலாக்குவது நல்லது.

முதல் நாளான வியாழக்கிழமை ஸ்கோரைப் பார்த்துப் பட்டியலைக் கலைக்க வேண்டாம். 2025-இல் ரோரி மெக்கில்ராய் முதல் நாள் 15, 17 ஹோல்கள் இரண்டிலும் டபுள் போகி (நிர்ணயித்ததைவிட இரண்டு அடி கூடுதல்) போட்டு 72 அடியில் முடித்தார். கடைசியில் சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் ஜஸ்டின் ரோஸை வென்றார். மாஸ்டர்ஸ் செயலியில் ஒவ்வொரு ஷாட்டின் காணொளியும் கிடைக்கிறது. அன்றிரவு அப்ரோச் ஷாட்களை மட்டும் ஓடவிட்டு, பந்து கொடியின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். கொடிக்கு மேட்டுப்பக்கமே நின்றுகொண்டிருந்தால் மட்டும் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.