மிலிட்டரி போலீசுக்குத் தயாராகும் பெண்களுக்கு: மஞ்சக்குப்பம் பயிற்சி வகுப்பு எப்படி?

என் மகளுக்கு அக்னிவீர் திட்டத்தில் ராணுவத்தின் மிலிட்டரி போலீஸ் பிரிவில் சேர ஆசை. படைவீரர்களின் ஒழுங்கு, ராணுவ வண்டிப் போக்குவரத்து, போர்க்கைதிகள் இவற்றைக் கவனிக்கும் பிரிவு அது. அந்தப் பிரிவிலேயே ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே சேர்த்தேன். நான் கடலூர்–புதுச்சேரி தடத்தில் பஸ் ஓட்டுகிறேன். மாதம் 2,000 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. அந்தக் காசுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று, பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

உடற்பயிற்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விடியற்காலையில் தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டம். நேரம் குறித்துப் பார்க்க மட்டும் அண்ணா விளையாட்டரங்கம். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முதல் பிரிவு, 8 நிமிடத்துக்குள் முடித்தால் இரண்டாம் பிரிவு. நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் தாண்டுதல் 3 அடி. சேரும் அன்றே உயரம் அளந்து பார்க்கிறார். 162 சென்டிமீட்டர் இல்லாத பிள்ளையிடம் பணம் வாங்குவதில்லை. இது எனக்குப் பிடித்தது.

ஆனால் ஓடவும் தாண்டவும் கற்றுத்தர ஊரில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். இவருடைய சாயங்கால வகுப்புக்குத்தான் காசு தகும். ஒரு மாடி அறை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். முதல் வகுப்பிலேயே, "போலீஸ்னா யாரை வேணும்னாலும் பிடிக்கலாம்னு நெனச்சு வந்திருந்தா, அந்த நெனப்பை இன்னைக்கே விட்டுடுங்கம்மா" என்று தொடங்கினாராம். 1950 ராணுவச் சட்டத்தில் ராணுவத்தினரைப் பிடிக்கும் அதிகாரம் பற்றிய 107-ஆம் பிரிவை வரி வரியாக விளக்கியிருக்கிறார். அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் குற்றம் செய்தால் பிடித்து விசாரணைக்காகக் காவலில் வைக்கலாம். குற்றவாளி அதிகாரியாக இருந்தால், இன்னொரு அதிகாரியின் உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது. தண்டனை கொடுக்கும் வேலை ராணுவ நீதிமன்றத்துடையது. பிடித்தவர் தன் இஷ்டத்துக்கு ஓர் அடிகூட அடிக்கக் கூடாது. மகள் அன்று ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் காட்டினாள். தெளிவாகப் புரிந்திருந்தது. சீருடையும் அதிகாரமும் கிடைக்கப் போகிற வயசுப் பிள்ளைக்கு முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர்மேல் எனக்கு அன்றே மரியாதை வந்துவிட்டது.

வார ஓய்வில் ஒருநாள் நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். ராணுவ வண்டி வரிசை பற்றிய பாடம். வரிசை கிளம்புவதற்கு முன்பே மிலிட்டரி போலீஸ் போய் வழியைப் பார்க்கும். திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளம் வைக்கும், சந்திப்புகளில் ஆளை நிறுத்தும். வண்டிக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி, ஒன்று பழுதாகி நின்றால் எங்கே ஒதுக்குவது, பாலம் அடைபட்டால் மாற்று வழி எது, எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சட்டென்று என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க தினம் போற ரோடு. முள்ளோடைகிட்ட எதிர்ல பத்து லாரி வரிசையா வந்தா எங்க ஒதுங்குவீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து சொன்னேன். முள்ளோடை, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று பிள்ளைகள் வரைபடம் போட்டு, எங்கெங்கே ஆள் நிற்க வேண்டும் என்று குறித்தார்கள். இத்தனை வருஷம் ஓட்டிய சாலை பாடமானதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

போர்க்கைதிகள் பற்றிய வகுப்பை மகள் மறக்கவே இல்லை. 1971 போரில் ஏறக்குறைய 93,000 பேர் நம்மிடம் கைதியானதைச் சொல்லிவிட்டு, ஒரு பெண்ணைக் கைதியாக உட்கார வைத்து மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறார். ஜெனீவா ஒப்பந்தப்படி கைதி சொல்லியே ஆக வேண்டியவை பெயர், பதவி, பிறந்த தேதி, ராணுவ எண் மட்டும்தான். அதற்கு மேல் யாராவது மிரட்டிக் கேட்டால் உடனே நிறுத்திவிடுவாராம்.

அறைச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறது. 2021 மே மாதம் பெங்களூரு பயிற்சி மையத்தில் 61 வாரப் பயிற்சி முடித்து வெளியே வந்த முதல் பெண்கள் அணி, 83 பேர். சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டுமாக நிற்கும் அந்தப் படத்தை வருகிற பெற்றோர் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். ஆனால் இவர் படத்தைக் காட்டி மயக்குவதில்லை. பணி 4 வருஷம், அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறார். நான் முதலில் விசாரித்த வேறொரு இடத்தில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வேலை உறுதி சார்" என்றுதான் சொன்னார்கள்.

குறைகள் உண்டு. பெண்கள் உடை மாற்றத் தனி அறை இல்லை. பெண்களுக்கென்றே நடத்தும் வகுப்பில் இது கட்டாயம் வேண்டும். அவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காலைப் பயிற்சி அடியோடு நின்றுவிடுகிறது, மாற்று இடம் கிடையாது. எழுத்துத் தேர்வுக்கான கணக்குப் பாடமும் சுமார்தான். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனி டியூஷன் வைத்தாக வேண்டும்.

விசாரிக்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றவர்களிடம் கட்டணத்தைத் தவிர அவர் அதிகம் பேச மாட்டார், கேள்வி எல்லாம் பிள்ளையிடம்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் வகுப்பு நடப்பதையே பார்க்கலாம், பின்வரிசையில் உட்கார விடுவார்.