டைரக்டரி லிஸ்டிங்கை மூடியும் திறந்தும் 10 வருடம்

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். "தம்பி, ஒரு கஸ்டமர் கூப்பிட்டுச் சத்தம் போடுறார். அவர் தங்கச்சி கல்யாண ஆல்பத்துக்கு லிங்க் அனுப்பினேன்ல, அதுல மேல ஏதோ அம்புக்குறி இருக்காம். அமுக்கினா ஊர்ல உள்ள எல்லார் கல்யாணமும் வருதாம்."

திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம், மேலே கொட்டை எழுத்தில் 'இண்டெக்ஸ் ஆஃப்', கீழே மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி என்று வரிசையாக ஃபோல்டர்கள். எதை அமுக்கினாலும் படங்கள். அவர் சொன்ன அம்புக்குறிதான் 'பேரண்ட் டைரக்டரி'. பட்டியலில் ஒரு ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'பாக்கி பணம் வரலை' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து வைத்திருந்தார் ஸ்டூடியோக்காரர். சத்தம் போட்டவரின் மச்சான் வீட்டு ஆல்பம் அது.

அந்தச் சர்வரை அமைத்தது நான். அதிலிருந்து, ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் சர்வரே பட்டியல் போட்டுக் காட்டும் இந்த டைரக்டரி லிஸ்டிங் என்ற விஷயத்தோடு 10 வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியாயிற்று. சிறு வாடிக்கையாளர்களுக்கு அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வெப் சர்வர் மென்பொருளிலும் சர்வர் வைத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் எதையும் திறந்துவிடவில்லை, திறந்தே வந்தது. ஒரு ஃபோல்டரைக் கேட்டால் சர்வர் முதலில் அதற்குள் முகப்புப் பக்கமாகக் காட்டும் இண்டெக்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைக் கொடுக்கும். இல்லையென்றால் இரண்டே வழி: உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டுக் காட்டுவது, அல்லது 'அனுமதியில்லை' என்னும் 403 பிழையைக் காட்டிக் கைவிரிப்பது. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் வரும் அப்பாச்சியின் மூல அமைப்பில், இணையக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு 'ஆப்ஷன்ஸ் இண்டெக்சஸ் ஃபாலோசிம்லிங்க்ஸ்' என்ற வரி ஏற்கெனவே இருக்கும். அந்த 'இண்டெக்சஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் பட்டியல் போடச் சொல்கிறது. என்ஜின்எக்ஸில் நேர்மாறு: 'ஆட்டோ இண்டெக்ஸ்' இயல்பாகவே அணைந்திருக்கும், வேண்டுமென்றால் நாம்தான் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸிலும் அப்படித்தான்.

அன்று காலை அவசரத்துக்கு நான் செய்தது, எல்லா ஃபோல்டரிலும் காலியாக ஒரு இண்டெக்ஸ் கோப்பைப் போட்டது. இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். தீம், பிளக்இன் ஃபோல்டர்களில் 'சைலன்ஸ் இஸ் கோல்டன்' என்ற ஒரே ஒரு வரியோடு ஒரு கோப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் நாம் படம் ஏற்றும் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் அந்தக் கோப்பு இயல்பாக வருவதில்லை. பட்டியல் வெளியே போகக்கூடாத இடமே அதுதான், வேடிக்கை! கையால் காலிக் கோப்பு போடும் பழக்கத்தை ஒரு வருடம் வைத்திருந்தேன். புது ஆல்பம் ஏற்றும் பையன் இரண்டு தடவை மறந்தான், மூன்றாவது தடவை நானே மறந்தேன்.

அடுத்தது, ஒரு ஃபோல்டருக்கான அமைப்பு வரிகளை அதற்குள்ளேயே எழுதி வைக்கும் டாட் எச்டிஆக்சஸ் கோப்பு. 'ஆப்ஷன்ஸ் -இண்டெக்சஸ்' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழையும் வரவில்லை, பட்டியலும் போகவில்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அப்பாச்சி 2.4 பதிப்பில் 'அலவ் ஓவர்ரைடு' என்ற அனுமதி இயல்பாகவே 'நன்', எதுவும் கிடையாது. அதாவது அந்தக் கோப்பை அது படிப்பதே இல்லை. அதில் நான் என்ன கவிதை எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

சரி என்று அனுமதியைத் திறந்துவிட்டு, இன்னும் கெட்டிக்காரத்தனமாக '-இண்டெக்சஸ் ஃபாலோசிம்லிங்க்ஸ்' என்று ஒரே வரியில் இரண்டையும் எழுதினேன். மொத்தத் தளமும் 500 என்ற சர்வர் பிழையில் விழுந்தது. கழித்தல் குறி போட்டதையும் குறியே இல்லாததையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. ஒன்று எல்லாவற்றுக்கும் குறி இருக்க வேண்டும், அல்லது எதற்கும் இருக்கக் கூடாது. பழைய 2.2 பதிப்பு இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது, 2.4 கறாராகப் பிடிக்கிறது. பழைய சர்வரிலிருந்து மாறுகிறவர்கள் இன்றைக்கும் இதில் விழுவதைப் பார்க்கிறேன்.

இப்போது நான் எச்டிஆக்சஸ் பக்கமே போவதில்லை. மூல அமைப்பில், எல்லாத் தளத்துக்கும் மேலே இருக்கும் ஃபோல்டருக்கே '-இண்டெக்சஸ்' போட்டுவிடுவேன். எந்தத் தளத்துக்குப் பட்டியல் வேண்டுமோ அங்கே மட்டும் '+இண்டெக்சஸ்'. ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மூல அமைப்பு கையில் இருக்காது. சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால், அதில் 'இண்டெக்சஸ்' என்றே ஒரு ஐகான் இருக்கிறது, அதில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து 'நோ இண்டெக்சிங்' வைத்தால் முடிந்தது.

யாருக்குமே பட்டியல் வேண்டாத சர்வர் என்றால் பட்டியல் போடும் பகுதியான ஆட்டோஇண்டெக்ஸ் மாட்யூலையே கழற்றிவிடலாம். உபுண்டுவில் கழற்றப் போனால் அது லேசில் விடாது. இது முக்கியமான மாட்யூல் என்று எச்சரித்து, 'ஆமாம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை நம்மையே தட்டச்சு செய்யச் சொல்லும். வீட்டில் பெரியவர்கள் சத்தியம் வாங்குவது போல. கழற்றிய பிறகு ஒரு சின்ன லாபமும் உண்டு: இண்டெக்ஸ் இல்லாத ஃபோல்டரைக் கேட்டால் 403க்குப் பதில், 'அப்படி ஒன்று இல்லை' என்னும் 404 வரும். 403 என்றால் 'இருக்கிறது, காட்ட மாட்டேன்' என்று அர்த்தமாகிவிடுகிறது. ஆனாலும் கடைசிச் சாய்கோடு இல்லாமல் கேட்டால் சர்வர் சாய்கோட்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும். அதை வைத்தே ஃபோல்டர் இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே இந்த லாபத்தை நான் பெரிதாக நம்பவில்லை.

பெரிய பாடம் பட்டியலை மூடிய பிறகுதான் வந்தது. மூடியதும் நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்டூடியோக்காரர் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும் முறை மாறவே இல்லை: மாப்பிள்ளை, பெண், தேதி. கல்யாணப் பத்திரிகை கையில் இருக்கிற எவரும் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்து உள்ளே போகலாம். படங்களின் பெயர்களோ கேமரா கொடுத்த எண் வரிசை. பட்டியல் எதற்கு? லிஸ்டிங்கை அணைப்பது ஜன்னலுக்குத் திரை போடுவது. கதவு பூட்டியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் நான் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஃபோல்டர் பெயர்களை அர்த்தமில்லாத நீள எழுத்துக் கோவையாக்கினோம். கேட்பவர்களுக்குக் கடவுச்சொல்லும் வைத்துக் கொடுத்தோம்.

இதே குழப்பம் 'இண்டெக்ஸ் இக்னோர்' விஷயத்திலும் உண்டு. பட்டியலில் சில கோப்புகள் மட்டும் தெரியக்கூடாது என்றால் அந்த வரியில் வடிவத்தை எழுதலாம். டேட்டாபேஸ் பேக்அப் கோப்புகளை நான் அப்படித்தான் மறைத்து வைத்திருந்தேன். பட்டியலில் இல்லை, ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் சர்வர் பவ்யமாக எடுத்துக் கொடுக்கும். 'பேக்அப்' என்ற பெயரை யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ! அந்தக் கோப்புகளுக்கு, யாருக்கும் கொடுக்காதே என்று பொருள்படும் 'ரிக்வயர் ஆல் டினைட்' போட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது: கேட்டாலும் கிடைக்காது, பட்டியலிலும் வராது. தடுக்கப்பட்ட கோப்புகளை அப்பாச்சி தானாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இதனால் கடவுச்சொல் போட்ட ஃபோல்டர்கூடப் பட்டியலில் காணாமல் போகும். ஒரு வாடிக்கையாளர் 'ஃபோல்டர் அழிஞ்சுபோச்சு' என்று பதறினார். 'ஷோ ஃபர்பிடன்' என்ற ஆப்ஷனைப் போட்டதும் திரும்பத் தெரிந்தது. உண்மையான சரி, பேக்அப்பை இணைய ஃபோல்டருக்கு வெளியே வைப்பதுதான். அதைச் செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

தேடுபொறி தனித் தலைவலி. 'இண்டெக்ஸ் ஆஃப்' என்று தலைப்பில் இருக்கும் பக்கங்களை மட்டும் கூகுளில் தேடும் வித்தை 20 வருடப் பழையது. லிஸ்டிங்கை மூடின பிறகும் ஏற்கெனவே சேர்ந்த படங்கள் தேடலில் சில வாரம் வந்துகொண்டிருந்தன. எங்கே போகக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்த ஃபோல்டர்களின் பெயரை எழுதித் தடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தக் கோப்பு ஊரே படிக்கக் கிடைப்பது. எதை ஒளிக்கிறோம் என்று நாமே நோட்டீஸ் அடித்து ஒட்டுகிற வேலை.

இவ்வளவு சொன்னாலும் லிஸ்டிங் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். டெபியனின் கோப்புகளை நகலெடுத்து வைத்திருக்கும் மிரர் தளங்களுக்குப் போய்ப் பாருங்கள், அதே பழைய பட்டியல் பக்கம்தான். அலங்காரமில்லை, சட்டென்று திறக்கும், தேதிப்படி வரிசைப்படுத்தலாம். ஓர் அச்சகத்துக்கு உள் நெட்வொர்க்கில் இப்படி ஒன்று வைத்துக் கொடுத்தேன். டிசைனர் முடித்த கோப்பைப் போடுவார், மெஷின்காரர் எடுத்துக்கொள்வார். கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில். முதல் நாள் பக்கத்தைத் திறந்தால் வாயில் நுழையாத லத்தீன் எழுத்துக் குப்பை. அந்தச் சர்வர் சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வகை. லினக்ஸில் அப்பாச்சியின் பட்டியல் பக்கம், நாம் சொல்லாவிட்டால், தன்னைப் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை என்றே அறிவித்துக்கொள்கிறது. 'இண்டெக்ஸ் ஆப்ஷன்ஸ்' வரியில் கேரக்டர்செட்டை, தமிழும் அடங்கிய எழுத்துமுறையான யூடிஎஃப்-8 ஆக்கியதும் தமிழ் வந்தது.

வந்தது, ஆனால் அரைகுறையாக. மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் என்ற கோப்பு 'மாரியம' என்று வந்து, அடுத்து கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி, பிறகு இரண்டு புள்ளி. பெயர் காட்டும் இடத்தின் அகலம் இயல்பாக 23 பைட், நீளப் பெயர் என்றால் அதில் 3 பைட் வெட்டியதைக் காட்டும் குறிக்கே போய்விடும். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியே 3. ஆறு குறியீட்டிலேயே இடம் தீர்ந்து, ஏழாவதை நடுவில் வெட்டிவிடுகிறது. அகலத்துக்கு நட்சத்திரக் குறி போட்டதும் முழுப் பெயரும் வந்தது. உபுண்டுவில் இந்த இரண்டும் போட்டே வருவதால் பலர் இந்தப் பாட்டைப் பட்டிருக்க மாட்டார்கள்.

என்ஜின்எக்ஸில் பட்டியல் இன்னும் மொட்டையாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். அளவைப் பைட்டாகக் காட்டும், நேரத்தை உலக நேரமாகக் காட்டும். இரண்டையும் மாற்றச் சின்ன வரிகள் உண்டு. 1.7.9 பதிப்பு முதல் பட்டியலை, புரோகிராம்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவிலும் தரும், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு வசதி. ஒரே ஒரு இடத்தில் கை நடுங்க எழுத வேண்டும்: இணைய முகவரியைக் குறிக்கும் 'லொகேஷன்' பெயரின் கடைசியில் சாய்கோடு இல்லாமல், அது காட்டும் ஃபோல்டரைக் குறிக்கும் 'அலியஸ்' பாதையின் கடைசியில் சாய்கோடு வைத்துவிட்டால், முகவரியில் பெயரை ஒட்டி இரண்டு புள்ளி போட்டு ஒருவர் மேல் ஃபோல்டருக்கு ஏறிவிடலாம். லிஸ்டிங்கும் திறந்திருந்தால் அங்கே இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். ஒரு சாய்கோடுதான்.

இப்போது மாதம் ஒருமுறை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லாத் தளங்களின் ஃபோல்டர்களையும் கேட்டு, பதிலின் தலைப்பில் 'இண்டெக்ஸ் ஆஃப்' இருந்தால் எனக்குச் சொல்லும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுக்கும் தலைப்பு அதேதான். சர்வர் மாற்றும்போது அமைப்பு பழையபடி ஆவதை இது இரண்டு தடவை பிடித்திருக்கிறது.

ஸ்டூடியோக்காரர் போன வருடம் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, ஃபோல்டர் பேரெல்லாம் கிறுக்கல் கிறுக்கலா இருக்கு. யார் ஆல்பம் எதுன்னே தெரியலை. அந்தப் பழைய பட்டியல் எனக்கு மட்டும் வேணும்." அதே ஃபோல்டருக்கு இன்னொரு முகவரி வைத்து, அங்கே மட்டும் '+இண்டெக்சஸ்' போட்டு, கடவுச்சொல் வைத்துக் கொடுத்தேன். தேதித் தலைப்பை இரண்டு தடவை அமுக்கினால் கடைசியாக ஏற்றியது மேலே வந்துவிடும். திருப்திதான் அவருக்கு. போனை வைக்கும் முன் கேட்டார்:

"பாக்கி பணம் வரலைன்னா இப்ப எங்க எழுதறது?"

"நோட்டுல எழுதுங்கண்ணே."